வெள்ளத்திற்கு முன் வரும் குரல்

கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா எந்நேரமும் மக்கள் நடமாட்டம் நிறைந்த வணிகத் தெரு. சேலைக் கடைகள், நகைக் கடைகள், மாலை கட்டும் கடைகள், உணவகங்கள் எனத் தெருவின் இருபுறமும் களைகட்டியிருக்கும். பிற்பகலில் வானம் கறுத்தால் நடைபாதை வணிகர்கள் பரப்பி வைத்த பொருள்களை மூடத் தொடங்குவர். கருமேகம் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆயினும், வானத்தை மட்டும் பார்த்து வெள்ளத்தை அறிந்துகொள்ள முடியாது. தலைக்கு மேல் தூறல் மட்டுமே விழும் வேளையிலும் ஆறு கரைபுரளக்கூடும். அதற்கான காரணத்தை அறிந்தால்தான் வானிலை எச்சரிக்கையின் தேவையும் வீட்டில் ஒரு சிறு வானொலி இருக்க வேண்டியதன் அவசியமும் நமக்குப் புரியும்.

இரண்டு ஆறுகள் கூடும் இடம்

கோலாலம்பூர் என்ற பெயருக்குச் சேறு நிறைந்த ஆற்றுச் சந்திப்பு என்று பொருள் கூறுவர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் அந்த இடத்தில்தான் 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அமைந்துள்ளது. அங்கிருந்து சில நிமிட நடையில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா வந்துவிடும். அதாவது, இத்தெரு இரண்டு ஆறுகளின் நீர் ஒன்று சேரும் தாழ்ந்த நிலப்பகுதியின் ஓரத்தில் உள்ளது.

கிள்ளான் ஆறு நகரத்தின் வடகிழக்கே உள்ள மலைப்பகுதியில் தோன்றுகிறது. கோம்பாக் ஆறு வடக்கிலிருந்து வருகிறது. மலையடிவாரத்தில் பெய்யும் கனமழை நகரத்தின் நடுப்பகுதியை வந்தடைய நெடுநேரம் ஆகாது. சாலைகளும் கட்டடங்களும் நிறைந்த நகரத்தில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கு இடம் குறைவு. அது கால்வாய்களின் வழியாக நேரே ஆற்றில் சேர்கிறது. ஆறு நிரம்பியிருந்தால் கால்வாய் நீர் வெளியேற வழியின்றித் தெருவிலேயே தேங்குகிறது. இதையே நாம் திடீர் வெள்ளம் என்கிறோம்.

இந்நகரத்திற்கு வெள்ளம் புதிதன்று. 1926ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலும் கோலாலம்பூர் பெருவெள்ளத்தைக் கண்டது. 1971ஆம் ஆண்டு வெள்ளத்தைத் தேசியப் பேரிடராக அப்போதைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அறிவித்தார். பின்னர், 2003ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பெய்த மழையாலும் நகரத்தின் மையப்பகுதி வெள்ளத்தில் சிக்கியது.

வெள்ளத்தைக் கட்டுப்படுத்தவே 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் கட்டப்பட்டு, 2007ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. இதன் ஒரு பகுதி சாதாரண நாள்களில் கார்கள் செல்லும் சாலையாகும். கனமழையின்போது, கிள்ளான் ஆற்றுநீர் நகர மையத்தை அடையும் முன்பே இச்சுரங்கத்திற்குள் திருப்பி விடப்படுகிறது. நீர்வரத்து மிகுந்தால் சாலை மூடப்பட்டு, வாகனங்கள் வெளியேற்றப்பட்டபின் சுரங்கம் முழுவதும் நீர்வழியாக மாறுகிறது. எனினும், எந்தச் சுரங்கமும் எல்லா மழையையும் தாங்கிவிடாது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மஸ்ஜித் ஜாமெக் வட்டாரச் சாலைகளில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. ஆகவே, பொறியியலோடு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது.

மழை எச்சரிக்கையும் ஆற்று எச்சரிக்கையும்

நம் நாட்டில் இரண்டு துறைகள் இருவகை எச்சரிக்கைகளை வெளியிடுகின்றன. வானத்தில் நடப்பதைச் சொல்வது மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை. ஆற்றில் நடப்பதைச் சொல்வது வடிகால் நீர்ப்பாசனத் துறை.

மெட்மலேசியா வெளியிடும் இடிமழை எச்சரிக்கையே கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு அடிக்கடி வருவது. ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டருக்கும் அதிகமான வீதத்தில் மழை நெருங்கி வரும்போதோ, அத்தகைய மழை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கும் என எதிர்பார்க்கப்படும்போதோ அது வெளியிடப்படுகிறது. அதன் ஆயுள் மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரம். 20 மில்லிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது 20 லிட்டர் நீராகும். ஒரு காற்பந்துத் திடலின் பரப்பில் ஏறத்தாழ 140,000 லிட்டர் நீராகும். அவ்வளவு நீரும் ஒரே மணி நேரத்தில் விழுகிறது.

தொடர்மழை எச்சரிக்கை வேறு வகையானது. அது மூன்று படிகளைக் கொண்டது. மஞ்சள் நிறம் ‘வாஸ்பாடா’, அதாவது விழிப்பாக இரு. ஆரஞ்சு நிறம் ‘பூரோக்’, அதாவது நிலைமை மோசம். சிவப்பு நிறம் ‘பஹாயா’, அதாவது ஆபத்து. பருவமழைக் காலத்தில் நாள்கணக்கில் பெய்யும் மழைக்கு இவ்வகை எச்சரிக்கை பொருந்தும்.

வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து, இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என நான்கு நிலைகளாக அறிவிக்கிறது. அறிவிப்பைக் கேட்கும்போது அது மழையைப் பற்றியதா, ஆற்றைப் பற்றியதா எனப் பிரித்தறிய வேண்டும். மழை ஓய்ந்த பின்னரும் ஆற்று நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

இடப்பெயர்களையும் கூர்ந்து கேட்க வேண்டும். ‘கோம்பாக்கில் கனமழை’ என்ற அறிவிப்பு கோம்பாக்வாசிகளுக்கு மட்டும் உரியதன்று. அந்த மழைநீர் ஆற்றோடு வந்து சேருமிடம் மஸ்ஜித் ஜாமெக். அதுபோலவே, ‘ஸ்மார்ட் சுரங்கம் மூடப்பட்டுள்ளது’ என்ற போக்குவரத்துச் செய்தி, சில வேளைகளில் ஆற்றின் மேற்பகுதியில் நீர்வரத்து பெருகியிருப்பதன் அறிகுறியாகும்.

2021 டிசம்பர் கற்பித்த பாடம்

மஸ்ஜித் இந்தியாவைக் கடந்து செல்லும் கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸ் பக்கமாகச் சென்று, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில், ஷா ஆலாம் 25ஆம் பிரிவில் அமைந்துள்ள குடியிருப்பு தாமான் ஸ்ரீ மூடா. அங்குத் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக வாழ்கின்றன.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடைவிடாது மழை கொட்டியது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மாதச் சராசரி ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். அம்முறை ஒரு மாதச் சராசரிக்கும் மிகுதியான மழை ஒரே நாளில் பெய்தது. தாமான் ஸ்ரீ மூடாவில் தரைவீடுகள் மூழ்கின. மாடி உள்ளவர்கள் மாடியில் அடைக்கலம் புகுந்தனர். சிலர் கூரைமேல் ஏறி மீட்புப் படகுகளுக்காகக் காத்திருந்தனர். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வெள்ளம் சூழ்ந்த வீட்டில் அடுத்தடுத்து என்ன நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். முதலில் மின்சாரம் நிற்கிறது. மின்கசிவைத் தவிர்க்க, வெள்ளப் பகுதிகளில் மின்விநியோகத்தைத் துண்டிப்பது வழக்கம். உடனே தொலைக்காட்சி நிற்கிறது. வீட்டு இணையமும் நிற்கிறது. கைப்பேசியின் மின்கலம் சிறிது சிறிதாகக் குறைகிறது. தொலைத்தொடர்புக் கோபுரங்களும் மின்சாரத்தால் இயங்குபவையே. அவற்றின் மாற்று மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் இணைப்பும் கிடைப்பதில்லை. செய்தி மிகவும் தேவைப்படும் வேளையில் செய்தி வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

வானொலி ஏன்?

இந்நிலையிலும் பயன்படக்கூடிய கருவி மின்கலத்தில் இயங்கும் வானொலி. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வானொலியைக் கேட்போர் எண்ணிக்கை கூடினாலும் நெரிசல் ஏற்படுவதில்லை. கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைப்பைத் தர வேண்டும். வானொலி அலைபரப்பியோ ஒரே அலையை எல்லாத் திசைகளிலும் அனுப்புகிறது. பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அதன் வேலை ஒன்றே.

இரண்டாவது, உயரமான இடங்களில் உள்ள அலைபரப்பிகளிலிருந்து வானொலி அலைகள் நெடுந்தொலைவு செல்கின்றன. நம் குடியிருப்பு மூழ்கியிருந்தாலும், வெகுதொலைவிலுள்ள அலைபரப்பி இயங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, சிறு வானொலிக்கு மிகக் குறைந்த மின்சாரமே தேவை. இரண்டு அல்லது மூன்று மின்கலங்களில் அது பல மணி நேரம் ஒலிக்கும். கைப்பிடியைச் சுழற்றி மின்னேற்றும் வானொலிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

நான்காவதாக மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். மலேசிய வானொலி தொலைக்காட்சி நிலையத்தின் மின்னல் எஃப்.எம். தமிழில் ஒலிபரப்பாகிறது. கைப்பேசிக்கு வரும் மலாய் அறிவிப்பைப் படித்துப் பொருள் கொள்ள முடியாத தாத்தா பாட்டியும் தமிழ்ச் செய்தியைக் கேட்டால் நிலைமையை உடனே புரிந்துகொள்வர்.

உறங்கும் வீட்டை எழுப்பும் கருவி

சில நாடுகளில் வானிலைக்கென்றே தனி வானொலிச் சேவை உள்ளது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலைபரப்பிகள் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் வானிலைச் செய்திகளை ஒலிபரப்புகின்றன. இதற்கான வானொலிப் பெட்டி படுக்கையறையில் ஓசையின்றிக் காத்திருக்கும். தம் வட்டாரத்திற்குரிய ஆறு இலக்கக் குறியீட்டை வீட்டார் அதில் பதிந்து வைத்திருப்பர். அந்தக் குறியீட்டுடன் எச்சரிக்கை வந்தால் பெட்டி தானாகவே உரக்க ஒலித்து உறங்குபவர்களை எழுப்பும். ஜப்பானிலும் பேரிடரின்போது வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளை இயக்கும் சிறப்பு ஒலிக்குறி 1985ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ளது.

நம் நாட்டில் அத்தகைய தனி வானிலை அலைவரிசை இல்லை. எனவே, இணையத்தில் விற்கப்படும் அமெரிக்க வானிலை வானொலியை வாங்கினாலும் அதன் வானிலைப் பொத்தான் இங்குப் பயன்படாது. வாங்கும் பெட்டியில் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலை வரிசை உள்ளதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டை உணர வேண்டும். நம் வீட்டு வானொலி தானாக விழித்து நம்மை எழுப்பாது. அந்த வேலையை வீட்டில் உள்ள ஒருவர்தான் செய்ய வேண்டும். தொடர்மழை எச்சரிக்கை வந்த இரவில் எல்லாரும் ஒரே நேரத்தில் உறங்கிவிடக் கூடாது. முறை வைத்துக்கொண்டு ஒருவர் விழித்திருந்து, மணிக்கு ஒரு முறை செய்தியைக் கேட்டு, வெளியே நீர்மட்டத்தையும் பார்த்து வர வேண்டும். மின்சாரமும் இணையமும் இருக்கும் வரையில் மெட்மலேசியாவின் ‘மைசுவாச்சா’ செயலியின் அறிவிப்பு ஒலியையும் அணைக்காமல் வைக்கலாம். செயலியும் வானொலியும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

வானொலியை ஆயத்தமாக வைத்தல்

வானொலிப் பெட்டி அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. மழை நாளில் அது உடனே பயன்பட வேண்டுமானால் பின்வருவனவற்றை முன்னரே செய்து வைக்க வேண்டும்.

1. நம் வட்டாரத்தில் மின்னல் எஃப்.எம். எந்த அலைவரிசையில் தெளிவாகக் கேட்கிறது என்று கண்டறிந்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்ட வேண்டும். ஒரே நிலையம் இடத்துக்கு இடம் வேறு அலைவரிசையில் வரும். மலாய்ச் செய்தி நிலையம் ஒன்றின் எண்ணையும் சேர்த்து எழுதலாம்.

2. அலைவாங்கிக் கம்பியை முழுமையாக நீட்ட வேண்டும். பண்பலை அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால்பங்கான 75 சென்டிமீட்டர் அளவுக்குக் கம்பி இருந்தால் அலையை நன்கு ஈர்க்கும். அடுக்குமாடி வீடுகளில் சன்னல் ஓரமே சிறந்த இடம்.

3. மின்கலங்களைப் பெட்டிக்குள்ளேயே நெடுநாள் விட்டுவைத்தால் அவை கசிந்து பெட்டியைப் பழுதாக்கும். அவற்றைத் தனியே நெகிழிப் பையில் வைத்து, பெட்டியோடு கட்டி வைக்கலாம். மாற்று மின்கலங்கள் ஒரு தொகுதியும் இருக்க வேண்டும்.

4. மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம் வானொலியை இயக்கிப் பார்க்க வேண்டும்.

5. பெட்டியைத் தரையிலோ கீழ்த்தட்டிலோ வைக்காமல் உயரமான இடத்தில், கைவிளக்கின் அருகில் வைக்க வேண்டும்.

சில கைப்பேசிகளிலும் பண்பலை வானொலி உள்ளது. கம்பியுள்ள காதொலிப்பானைச் செருகினால் அக்கம்பியே அலைவாங்கியாக வேலை செய்யும். இதற்கு இணையம் தேவையில்லை. காரிலுள்ள வானொலியும் உதவும். ஆனால், செய்தி கேட்பதற்காகவோ காரை மீட்பதற்காகவோ அடித்தளக் கார் நிறுத்துமிடத்திற்குள் இறங்கக் கூடாது. வெள்ளநீர் முதலில் நிரப்பும் இடம் அதுவே.

கேட்டது செயலாக வேண்டும்

எச்சரிக்கையைக் கேட்டவுடன் மூன்று வினாக்களுக்கு விடை தேட வேண்டும்: எங்கே? எப்போது வரை? எந்த நிலை? நினைவில் வைத்துக்கொள்வதைவிட எழுதி வைப்பது மேல். பதற்றத்தில் ‘ஆரஞ்சு’ என்றார்களா, ‘சிவப்பு’ என்றார்களா என்ற குழப்பம் எளிதில் வரும்.

மஞ்சள் நிலையில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்துகள், மாற்றுடை, குடிநீர் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்து வைக்க வேண்டும். கைப்பேசிக்கு முழுமையாக மின்னேற்ற வேண்டும். ஆரஞ்சு நிலையில் மதிப்புள்ள பொருள்களை உயரத்திற்கு மாற்றி, முதியோரும் குழந்தைகளும் எங்குச் செல்வது என முடிவு செய்ய வேண்டும். சிவப்பு நிலையிலோ, ஆறு ஆபத்து நிலையைத் தொட்ட நிலையிலோ, அதிகாரிகளின் கட்டளைப்படி வெள்ள நிவாரண மையத்திற்குப் புறப்படத் தயங்கக் கூடாது. வீட்டுக்குள் நீர் வருமுன்னரே, உலர்ந்த கையால் முதன்மை மின்விசையை அணைக்க வேண்டும். உதவிக்கு 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

புறப்படும் நேரம் மிக முக்கியம். ஓடும் வெள்ளத்தில் 15 சென்டிமீட்டர் ஆழமே வளர்ந்த மனிதரின் காலை வாரிவிடப் போதும். 30 சென்டிமீட்டர் ஆழம் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் பெரும்பாலான வாகனங்கள் அடித்துச் செல்லப்படும். நீர் முழங்காலைத் தொடும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்புவது, இருப்பதைவிடப் பெரிய ஆபத்தில் முடியக்கூடும். அந்நிலையில் மேல்மாடிக்குச் சென்று, வானொலியையும் கைவிளக்கையும் உடன் வைத்துக்கொண்டு, மீட்புக் குழுவினரின் உதவியை நாடுவதே நல்லது.

செய்தியைப் பிறருக்குக் கொண்டு சேர்த்தல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. புதுச்சேரியை அடுத்துள்ள நல்லவாடு ஒரு மீனவக் கிராமம். அவ்வூர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊடகங்களில் வந்த பேரலைச் செய்தியை அறிந்து அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். ஊரில் கடல் பின்வாங்குவதை வீட்டார் கூறியதும், உடனே வெளியேறுமாறு வற்புறுத்தினார். அச்செய்தி எட்டியவுடன் ஊரார் கிராமத்தின் தகவல் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் அதை அறிவித்தனர். மீனவர்களுக்குக் கடல்நிலையைச் சொல்வதற்காக நாள்தோறும் பயன்பட்டுவந்த ஒலிபெருக்கி அது. 3,600க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் உயிர் தப்பினர். படகுகளும் வீடுகளும் அழிந்தன.

அந்த ஊரைக் காத்தது ஒரு கருவி மட்டுமன்று. செய்தியைக் கேட்டவர் ஒருவர். தொலைபேசியில் சொன்னவர் ஒருவர். ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள் வேறு சிலர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் செய்தி ஊரை எட்டியிருக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இதே நிலைதான். பெற்றோர் மஸ்ஜித் இந்தியாவில் கடையில் இருப்பர். பிள்ளைகள் பள்ளியில் இருப்பர். பாட்டி மட்டும் வீட்டில் தனியாக இருப்பார். யார் செய்தியைக் கேட்பது, யார் பாட்டியை அழைப்பது, அழைப்பு கிடைக்காவிட்டால் எந்த அண்டை வீட்டார் கதவைத் தட்டுவது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். புலனத்தில் வரும் எல்லாச் செய்தியையும் பிறருக்கு அனுப்புவது இதற்கு ஈடாகாது. பழைய வெள்ளப் படங்களும் பொய்யான அணை உடைப்புச் செய்திகளும் அதில் கலந்து வரும். மெட்மலேசியா, வடிகால் நீர்ப்பாசனத் துறை, தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் ஆகியவை வெளியிட்டதா என உறுதிசெய்த பின்னரே ஒரு செய்தியைப் பகிர வேண்டும்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றுக்கு அணை போடுவது அரசின் பணி. வீட்டில் ஒரு வானொலி, அதற்கு மின்கலம், ஒட்டி வைத்த அலைவரிசை எண், இரவில் விழித்திருக்க ஒருவர், கதவைத் தட்ட ஓர் அண்டை வீட்டார் ஆகிய ஐந்தும் நாம் போட வேண்டிய அணை. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் இவ்வைந்தில் எவை நம்மிடம் உள்ளன என்று எண்ணிப் பார்ப்போம். இல்லாதவற்றை அடுத்த மழைக்கு முன் தேடி வைப்போம்.